அத்தியாயம் 7: மழைப்பைக்கு ஒட்டுப் போடுதல்

ஒரு ஜூலை மாதக் காலை. புனேயிலிருந்து தாம்ஹினி காட் வழியாகக் கொங்கணத்துக்கு இறங்கும் பாதையில், முள்ஷி நீர்த்தேக்கத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில் சைக்கிளை நிறுத்தி, மாற்றுச் சட்டைக்காகப் பையைத் திறந்தேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும் போலிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்தப் பைக்கு ஒட்டுப் போட்டிருந்தேன். ஒட்டு ஓரம்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புதிதாக ஒரு ஓட்டை! பையைக் கழற்றிவிட்டுக் கேரியரை விரலால் தடவிப் பார்த்தேன். கம்பிகள் சேரும் இடத்தில் வெல்டிங் பொட்டு ஒன்று கூராகத் துருத்திக்கொண்டிருந்தது. நான் ஒட்டிக்கொண்டே இருக்க, அது அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த அத்தியாயத்துக்கு அந்தப் பொட்டுதான் பாடம். ஓட்டையை அடைக்கும் முன் உரசலை நிறுத்துங்கள். அது நிற்கும்வரை எந்தப் பசையும் உங்களைக் காப்பாற்றாது.

எப்போது செய்வது?

மே மாதத்தில். புனே நகருக்குள் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 700 மி.மீ.க்குச் சற்று மேல்தான். ஆனால் இங்கே சைக்கிள்காரர்கள் மழையில் போக விரும்பும் இடங்கள் எல்லாம் மேற்கே, மலை விளிம்பில் இருக்கின்றன. அறுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோணாவளாவில் மழை 4,000 மி.மீ.யைத் தாண்டும். நகரத் தூறலில் காட்டிக்கொடுக்காத ஓட்டை, மலையேறியதும் வாயைத் திறந்துவிடும். மழை இறங்குவது ஜூன் இரண்டாவது வாரவாக்கில். மே மாதத்தில் ஒட்டினால் பசை முழுதாக இறுக நாள் கிடைக்கும், தவறினால் இன்னொரு முறை செய்யவும் அவகாசம் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோலப் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின் மேல் ஒட்டை வைத்து அழுத்தினால், பிடித்ததுபோல இருந்து இரண்டாம் வாரம் உரிந்து வரும். ஜூலையில்தான் செய்தாக வேண்டும் என்றால், ஹேர் டிரையரால் இரு பரப்பையும் இளஞ்சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

உங்கள் பை எந்தத் துணி?

பசையைத் தீர்மானிப்பது துணி. எனவே முதலில் துணியை அடையாளம் காண வேண்டும்.

வாயைச் சுருட்டி மூடும் கனமான பைகளின் மூலம் லாரித் தார்ப்பாய். ஜெர்மனியின் ஹார்ட்மூட் ஓர்ட்லீப் 1981இல் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் பயணம் போனபோது, நனையாமல் போய்க்கொண்டிருந்த லாரிகளின் மூடுதுணியைப் பார்த்து, அந்தத் துணியிலேயே பை தைத்தார். 1982இல் அது அவர் பெயரில் நிறுவனமாயிற்று. பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பிவிசி பூசிய துணி அது. தொட்டால் வழவழவென்று, கனமாக, பிளாஸ்டிக்காக இருக்கும்.

இரண்டாவது வகை, வெளியே நெசவு தெரியும் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு மினுங்கும். தையல்களின் மேல் உள்ளே ஒரு விரல் அகல நாடா ஒட்டியிருக்கும். மூன்றாவது வகை, டிபியு பூசிய துணி. பிவிசியைவிட இலேசாக, சற்று ரப்பர்போல இழுபடும்.

பிவிசியா டிபியுவா என்று சந்தேகம் வந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, பையின் உட்புற மடிப்பிலிருந்து வெட்டிய அரிசி அளவுத் துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. மொட்டைமாடியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

எங்கே கசிகிறது?

நனைந்த பையின் உள்ளே எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பது தவறு. தண்ணீர் மேலே நுழைந்து ஓரமாக வழிந்து அடியில் தேங்கும். மூன்று வழிகளில் தேடுங்கள்.

முதல் வழி வெளிச்சம். இரவில் விளக்கை அணைத்து, பையினுள் டார்ச்சை எரியவிட்டு, அடி மூலைகளையும் முதுகுப் பக்கத்தையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையும் நட்சத்திரம்போலத் தெரியும். கறுப்புப் பைக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது காற்று. வாயைச் சுருட்டிப் பூட்டி, காற்றடைத்த பையை முழங்காலால் அழுத்தி, மேலே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பஞ்சர் பார்ப்பது போலத்தான், குமிழி வரும் இடத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிடுங்கள்.

மூன்றாவது செய்தித்தாள். உள்ளே நான்கு பக்கமும் ஒட்டினாற்போல உலர்ந்த தாளை நிறுத்தி, பையை மூடி, கேரியரில் மாட்டி, பூவாளியால் கால் மணி நேரம் மழை பெய்விக்கவும். தாளில் ஈரம் தொடங்கிய இடம் தெரியும். ஓட்டையே இல்லாமல் கொக்கி ஆணி வழியாகவும் சுருட்டிய வாய் வழியாகவும் வருவதை இந்தச் சோதனைதான் காட்டும். வாயை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பை ஒழுகுகிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. குறைந்தது மூன்று சுற்று வேண்டும். அதற்கு இடமில்லாத அளவுக்குச் சாமான் அடைத்தால் அது பையின் குற்றமல்ல.

எங்கே உரசுகிறது?

வட்டமிட்ட இடங்களைக் கேரியரோடு ஒப்பிடுங்கள். பையை மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் எதிரில் ஒரு குற்றவாளி நிற்பார். முதுகுப் பக்க ஓட்டைக்கு எதிரில் பெரும்பாலும் வெல்டிங் பொட்டு, போல்ட் தலை, அல்லது பூச்சு உரிந்த கம்பி. அடி மூலை தேய்ந்திருந்தால் சைக்கிளைச் சுவரோரம் சாய்க்கும் பழக்கமோ, பையைத் தரையில் இழுக்கும் பழக்கமோ காரணம். முன்பக்கக் கீழ் ஓரம் தேய்ந்திருந்தால் குதிகால் படுகிறது. பையைக் கேரியரில் ஒரு விரல் பின்னுக்குத் தள்ளி மாட்டுங்கள்.

பை ஆடினால் எல்லா இடமும் உரசும். கொக்கிகள் கம்பியை இறுகக் கவ்வ வேண்டும். கம்பி பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம். கொக்கி அதைவிட அகலமாக இருந்தால், பையோடு வந்த சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உள்ளே செருகுங்கள். அவை தொலைந்துபோயிருந்தால், பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கம்பியின் மேல் இறுக்கமாகச் சுற்றி, இரு முனையிலும் டேப் போடுங்கள். கடகடச் சத்தம் நின்றால் தேய்மானமும் பாதி நின்ற மாதிரி.

பொட்டை அரத்தால் தேய்த்து மழுக்கி, மேலே பெயிண்ட் தொட்டு வையுங்கள். போல்ட் நீண்டு துருத்தினால் குட்டையான போல்ட் போடுங்கள். இதை முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

சாமான் வாங்குதல்

புனே ஒருகாலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். பேட்டைகளில் இன்னும் பழுதுபார்க்கும் சாமான்களுக்குக் குறைவில்லை. ரவிவார் பேட்டையின் போரி ஆளியில் பசை, உப்புத்தாள், நட்டு, போல்ட் எல்லாம் நடந்தே வாங்கிவிடலாம். வண்டி உதிரிப் பாகங்களுக்கும் சீட் கவர்களுக்கும் நானா பேட்டை.

ஒட்டுத் துணிக்குத் தார்ப்பாய்க் கடை. ஆங்கிலத்தில் தார் பூசிய மூடுதுணிக்கு வந்த பெயரை நாம் பாய் ஆக்கிக்கொண்டோம். மராத்தியில் அதற்குத் தாட்பத்ரி என்று பெயர், அதாவது பனையோலை. கூரை வேயும் ஓலையை நினைத்து வைத்திருப்பார்கள். கடையில் இப்படிக் கேளுங்கள்: “தாதா, தாட்பத்ரீச்சா துக்டா மிளேல் கா?” தார்ப்பாய்த் துண்டு கிடைக்குமா என்று அர்த்தம். தாதா என்றால் இங்கே அண்ணன். பயப்பட வேண்டாம்.

பழைய பிளெக்ஸ் பேனரும் பிவிசி பூசிய துணிதான். தார்ப்பாயைவிட மெல்லியது, ஆனால் சிறு ஓட்டைக்குப் போதும். அச்சு மை உள்ள பக்கத்தில் பசை சரியாகப் பிடிக்காது. அச்சில்லாத பக்கத்தைத்தான் ஒட்ட வேண்டும். ஆகவே பிறந்தநாள் பேனரிலிருந்து வெட்டினால் தலைவர் உங்கள் பையிலிருந்து சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார்.

பசையில்தான் பலரும் வழுக்கி விழுகிறோம். பிவிசி மெத்தென்று வளைவதற்காக அதில் எண்ணெய்போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அது காலப்போக்கில் மெல்ல வெளியே கசியும். செருப்புக்குப் போடும் சாதாரண மஞ்சள் ரப்பர் பசையை அது இளக்கிக் கூழாக்கிவிடும். பாலியூரித்தேன் பசை அதைத் தாங்கும். காலணித் தொழிலுக்குச் சாமான் விற்கும் கடைகளில் பியு பசை என்று கேளுங்கள். உறுதியாக்கி திரவத்தோடு வரும் இரட்டைப் பசை கிடைத்தால் அதுவே சிறந்தது. நைலான் பைக்கும் டிபியு பைக்கும் இதே வகைப் பசை பொருந்தும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. நொடியில் ஒட்டும் பசை கண்ணாடிபோல இறுகி, முதல் மடிப்பிலேயே விரிசல் விடும். பஞ்சர் சொல்யூஷன் ரப்பர் டியூப்புக்கு மட்டும்தான். குழாய்க்குப் போடும் பிவிசி பசை விறைத்துப்போய் ஓரத்தில் துணியை வெட்டும். குளியலறைச் சிலிக்கான் இவை எல்லாவற்றையும்விட மோசம். அது தானும் பிடிக்காது, அது பட்ட இடத்தில் பிறகு வேறு எதையும் பிடிக்கவும் விடாது. சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான் மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சிலிக்கான்தான் மருந்து.

ஒட்டும் முறை

1. பையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். நெசவுக்குள் ஈரம் தங்கியிருக்கும், மேலே உலர்ந்தது போதாது.

2. உள்ளே ஒரு பலகையோ பழைய சப்பாத்திக் கட்டையோ வைத்து, ஒட்டும் இடத்தைத் தட்டையாக்குங்கள். சுருக்கத்தின் மேல் ஒட்டினால் சுருக்கமே கால்வாயாகும்.

3. ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. தாண்டும்படி ஒட்டு வெட்டுங்கள். மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலையில்தான் உரிதல் தொடங்கும்.

4. இரு பரப்பையும் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். நூல் தெரிந்தால் அளவு மீறிவிட்டது.

5. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அசிட்டோனும் தின்னரும் பூச்சையே கரைக்கும், கிட்டே கொண்டுவராதீர்கள்.

6. இரு பரப்பிலும் மெல்லிய பூச்சு. டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு. விரலால் தொட்டால் ஒட்டுவது போல இருந்தும் விரலில் வராத பதம் வரவேண்டும். பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல இதற்கும் இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.

7. ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, ஒட்டை ஒரு ஓரத்திலிருந்து மெல்லக் கிடத்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரண்டிக் காம்பால் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

8. மேலே அகலமான புத்தகமும் அதன் மேல் அம்மிக் குழவியும் வைத்து 24 மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் மூன்று நாள் மழையில் எடுக்காதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது.

2 செ.மீ.யைவிட நீளமான கிழிசலுக்கு உள்ளேயும் ஒரு ஒட்டு வேண்டும். வெளி ஒட்டைவிட அது சற்றுச் சிறியதாக இருக்கட்டும். இரண்டின் ஓரமும் ஒரே கோட்டில் வந்தால் துணி அந்தக் கோட்டில் மடிந்து மடிந்து ஒடியும்.

பசை வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெரிய பேனர்களின் அகலத்தைச் சூட்டுக்காற்றால் இணைக்கும் பிளெக்ஸ் கடைகளிலும், தார்ப்பாய் ஒட்டும் கடைகளிலும் பிவிசி பையில் ஒட்டைச் சூட்டாலேயே உருக்கி இணைத்துத் தருவார்கள். உள்ளே பலகை வைக்க மறந்தால் பையின் முன்புறமும் பின்புறமும் ஒன்றாகிவிடும். வீட்டில் சூட்டுத் துப்பாக்கியால் இதைச் செய்து பார்க்காதீர்கள். பிவிசி கருகினால் வரும் அமிலப் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

தையலுக்கு ஒரு கோடு

வாயைச் சுருட்டும்போது முதல் மடிப்பு விழும் கோட்டைக் கண்டுகொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே எத்தனை ஊசி போனாலும் கவலையில்லை, அந்த ஓட்டைகள் சுருளுக்குள் போய்விடும். பிய்ந்த பட்டையையும் விளிம்பையும் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்தே தைக்கலாம். கோட்டுக்குக் கீழே ஒரு தையல்கூட வேண்டாம். அவசியமாகப் போட்டால், பாலியெஸ்டர் நூலால் தைத்து, உட்புறத்தில் ஒவ்வொரு ஊசித்துளையின் மேலும் பியு பசை தடவி அடைக்க வேண்டும்.

மடிப்புக் கோட்டிலேயே பூச்சு வெடித்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், அது சுருளைத் தடிமனாக்கும். தையல் அடைக்கும் பியு திரவத்தை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, மேலே முகப்பவுடர் தூவுங்கள். இல்லாவிட்டால் சுருட்டிய வாய் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இந்த ஒற்றைத் திரவம் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். புனேயின் வறண்ட மே மாதத்தில் மெதுவாகவே இறுகும். பக்கத்தில் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிட்டால் வேகம் கூடும். மேலே சொன்ன ஒட்டுப் பசைக்கு ஈரம் எதிரி, இதற்கு ஈரம் நண்பன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நைலான் பையில் தையல் நாடா உரிந்திருந்தால், உரிந்த பகுதியை முழுக்கப் பிய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, தையல் நெடுக இதே திரவத்தைத் தடவலாம். உட்பூச்சு முழுவதும் பிசுபிசுத்துச் செதில் செதிலாக வந்தால் அது வேறு நோய். வெப்பமும் ஈரமும் பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிட்டன. எங்கே தொட்டாலும் உரியும் சுவரில் சுண்ணாம்பு பூசிப் பயனில்லை.

கொக்கியும் பக்கிளும்

ரிவெட் தளர்ந்த கொக்கி ஒழுகவும் செய்யும், ஒருநாள் பையைக் கீழே போடவும் செய்யும். ரிவெட்டைத் துளைத்தெடுத்து, அதே துளை அளவுக்கு எம்4 அல்லது எம்5 துருப்பிடிக்காத போல்ட் போடுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரிசை இது: போல்ட் தலை, கொக்கி, பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் வாஷர், பைத்துணி, இன்னொரு ரப்பர் வாஷர், அகல இரும்பு வாஷர், நைலாக் நட். நட் உள்ளே துருத்தினால் உங்கள் சாமானைக் கிழிக்கும். அதன் மேல் ஒரு ஒட்டுத்துண்டை மூடிபோல ஒட்டிவிடுங்கள். முதுகுப் பலகை உடைந்திருந்தால், பழைய தண்ணீர்க் கேனின் தட்டையான பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

பட்டைகள் பெரும்பாலும் 25 மி.மீ. அகலம். பக்கிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். புதுப் பட்டையின் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கினால் நூல் பிரியாது.

வழியில் கிழிந்தால்

நீண்ட தூரப் பயணத்தில் பசைக்கு நேரமில்லை. நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய பிரெவே வகைப் பயணத்தில் 200 கி.மீ.க்கு உங்களுக்கு இருப்பதே பதின்மூன்றரை மணி நேரம். காற்றடிக்கும் பம்பின் மேல் ஒரு முழம் துணி டேப்பைச் சுற்றி வைத்திருங்கள், நான்கு பிளாஸ்டிக் கட்டுகளும் போதும். டேப் உலர்ந்த பரப்பில்தான் பிடிக்கும். எனவே உட்புறமாகத் துடைத்து ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை உரித்துப் பசைக்கறையை ஆல்கஹாலால் எடுத்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்த டேப்பின் கறை நிரந்தர ஒட்டுக்கு எதிரி.

எப்போது கைவிடுவது?

உள்ளங்கையைவிட அகலமாக நூல் தெரிந்தால், பூச்சு பரவலாக உரிந்தால், மழையைத் தடுக்கும் வேலையிலிருந்து அந்தப் பைக்கு ஓய்வு கொடுங்கள். பையையே தூக்கிப்போட வேண்டியதில்லை. உரச்சாக்கின் உள்ளே வரும் கனமான பாலித்தீன் உறைபோல ஒன்றை உள்ளே விட்டு, வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்டால் கட்டினால், வெளிப்பை சாமானைத் தாங்கும், உள்பை மழையைத் தாங்கும். நல்ல பையிலும் மொபைலுக்கும் மாற்றுத் துணிக்கும் இப்படி ஒரு உள்பை வைப்பது என் வழக்கம். முள்ஷியில் கற்ற பாடத்தில் அதுவும் ஒரு பகுதி.

அக்டோபரில், மழை ஓய்ந்ததும், பையைக் கழுவிக் காயவைத்து, சுருட்டாமல், வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயில் பிவிசியை விறைக்கச் செய்யும். மூடிய அலமாரியில் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு ஒட்டின் உட்புறத்துக்கு நேரே மாதத்தையும் ஆண்டையும் பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் அந்தத் தேதிகளைப் படித்துப் பாருங்கள். ஒட்டுகள் பையெங்கும் சிதறி, ஆண்டுகள் விட்டு விட்டு விழுந்திருந்தால் பை நியாயமாகக் கிழடாகிறது. ஒரே கையகல இடத்தில் ஒரே மழைக்காலத்தின் இரண்டு தேதிகள் இருந்தால், பசை டப்பாவைத் திறக்காதீர்கள். போய்க் கேரியரை விரலால் தடவிப் பாருங்கள்.